கோளரங்கம் போகிறீர்களா? வாசல் முதல் அன்றிரவு மொட்டைமாடி வரை

முதல் தடவை கோளரங்கம் போனபோது நான் உள்ளேயே போகவில்லை. இரண்டே நிமிடம்தான் தாமதம். வாசலில் இருந்தவர் கதவைச் சாத்திவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை. அடுத்த காட்சிக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. கடுப்போடு வெளியே வந்து, புல்தரையில் இருந்த சூரியக் கடிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது காட்டிய நேரம் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. 'ரிப்பேர் போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டேன். சூரியக் கடிகாரம் எப்படி ரிப்பேர் ஆகும் என்பது உறைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

கதவைச் சாத்தியவர் செய்தது சரிதான் என்று பிற்பாடு புரிந்தது. இருட்டில் கண் பழகிக்கொண்டிருக்கும் நூறு பேருக்கு நடுவில் ஒரு கதவு திறந்து வெளிச்சம் பாய்ந்தால், அத்தனை பேருக்கும் மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போய்விடும். பழைய நிலைக்கு வர மறுபடியும் பல நிமிடம் ஆகும். ஆகவே முதல் விதி இது: காட்சி நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே அங்கே இருங்கள். கோளரங்கத்தில் சினிமாவைப் போல விளம்பரம் ஓடும் நேரத்தில் நுழைந்துகொள்ளலாம் என்ற கணக்கு எடுபடாது.

அதற்கப்புறம் பலமுறை போயிருக்கிறேன். குழந்தைகளோடும், தூங்கி வழியும் பெரியவர்களோடும், தனியாகவும். இந்த இடத்தை வானம் பார்க்கப் பழகும் ஒத்திகைக் கூடமாக எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் போன காரியம் பலித்திருக்கிறது. படம் பார்க்கிற இடமாக நினைத்து வந்தவர்கள் ஏசி காற்றில் நன்றாகத் தூங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதிலும் தப்பில்லை. ஆனால் இந்த வழிகாட்டி முதல் வகையினருக்கு.

எந்தக் காட்சி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கோளரங்கங்களில் பொதுவாக இரண்டு வகைக் காட்சிகள் உண்டு. ஒன்று, முன்பே தயாரித்த முழுக்கூரைப் படம். கருந்துளை, செவ்வாய்ப் பயணம், டைனோசர்களை அழித்த விண்கல் என்று ஏதாவது ஒரு கதை இருக்கும். இன்னொன்று, ஒருவர் மேடையருகே நின்று, கையில் ஒளி அம்போடு, 'இன்று இரவு வானம்' என்று நேரடியாக விளக்குவது.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் நேரடி விளக்கத்துக்குப் போங்கள். படம் எங்கே பார்த்தாலும் ஒரே படம்தான். நேரடி விளக்கம் அன்றைய தேதிக்கும் அந்த ஊர் வானத்துக்கும் உரியது. கேள்வி கேட்கலாம், நிறுத்திக் காட்டச் சொல்லலாம். போகுமுன் ஒரு போன் போட்டு மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நேரடி விளக்கம் எத்தனை மணிக்கு, எந்த மொழியில், எத்தனை வயதுக்கு மேல் அனுமதி. பராமரிப்புக்காக மூடும் நாள் எது என்பதையும் சேர்த்துக் கேட்டால் நல்லது. பள்ளிக்கூடப் பேருந்துகள் பெரும்பாலும் காலையில்தான் வரிசை கட்டும். வார நாளில் பிற்பகல் என்றால் அரங்கும் காலி, விளக்குபவருக்கும் பேசப் பொறுமை இருக்கும்.

காட்சிக்கூடத்தை முன்னால் பார்ப்பதா, பின்னால் பார்ப்பதா? என் வழக்கம்: பகல் வெளிச்சம் தேவைப்படும் வெளிப்புறப் பொருட்களை முதலில், பிறகு குவிமாடக் காட்சி, கடைசியாக உள்கூடம். காட்சி முடிந்து வரும்போது மனதில் நாலு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருட்கள் அப்போதுதான் பேச ஆரம்பிக்கும்.

வெளியே: அந்தச் சூரியக் கடிகாரம்

அது ரிப்பேர் இல்லை. நம் கைக்கடிகாரம் காட்டுவது நேர மண்டலத்தின் பொது நேரம். சூரியக் கடிகாரம் காட்டுவது அது நிற்கும் இடத்தின் சூரிய நேரம். நேர மண்டலத்தின் மையக் கோட்டிலிருந்து ஒரு தீர்க்கரேகை டிகிரி தள்ளி இருந்தால் 4 நிமிடம் வித்தியாசம் வரும். கிழக்கே இருந்தால் சூரியக் கடிகாரம் முந்தும், மேற்கே இருந்தால் பிந்தும். இதோடு இன்னொரு திருத்தமும் உண்டு. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் பிப்ரவரி நடுவில் சூரியக் கடிகாரம் சுமார் 14 நிமிடம் பின்தங்கும். நவம்பர் தொடக்கத்தில் சுமார் 16 நிமிடம் முந்திக்கொள்ளும். பக்கத்தில் எட்டு மாதிரி வளைந்த ஒரு கோட்டையோ திருத்த அட்டவணையையோ பொறித்திருப்பார்கள். அதைப் பார்த்துக் கூட்டிக் கழித்துவிட்டுக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் பொருந்தும்போது ஒரு சந்தோஷம் வரும், அனுபவித்துப் பாருங்கள்.

சில இடங்களில் பகலிலேயே தொலைநோக்கி வைத்துச் சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழ வைத்துக் காட்டுவார்கள். அதில் சிறு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை சூரியப் புள்ளிகள். மிளகு அளவுக்குத் தெரியும் ஒரு புள்ளிக்குள் பூமியையே போட்டுவிடலாம். வடிகட்டி பொருத்தாத தொலைநோக்கிக்குள் மட்டும் குழந்தைகள் கண்ணை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே உட்காருவது

உள்ளே நுழைந்ததும் ஒரு கணம் நின்று இருக்கைகளைப் பாருங்கள். அவை வட்டமாக நடுவை நோக்கி இருக்கின்றனவா, இல்லை சினிமா கொட்டகை போல ஒரே பக்கம் பார்த்தா?

ஒரே பக்கம் பார்த்திருந்தால் பின்பாதியின் நடுப்பகுதியைப் பிடியுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் பாதி வானம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கழுத்து வலிதான் மிச்சம். வட்ட இருக்கை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே சாய்ந்து உட்காரும்போது எதிர்ப்பக்கக் கூரைதான் கண்ணுக்கு நேராக இருக்கும். அதனால் பணியாளரிடம் 'இன்றைக்கு எந்தத் திசையில் அதிகம் காட்டுவீர்கள்' என்று கேளுங்கள். தெற்கு என்றால் வடக்குப் பக்கம் போய் உட்காருங்கள். நடுவில் பெரிய கருவி நின்றால் அதை ஒட்டிய வரிசை வேண்டாம். எதிரே தாழ்வாக வரும் நட்சத்திரங்களைக் கருவியே மறைத்துவிடும்.

உட்கார்ந்ததும் குவிமாடத்தின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று எங்காவது குறித்திருப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே இதைப் பார்த்து வைத்துக்கொள்வது முக்கியம். பிறகு விளக்குபவர் 'மேற்கே பாருங்கள்' என்றால் எல்லாரும் தலையை நாலு பக்கமும் திருப்பும்போது நீங்கள் நேராகப் பார்ப்பீர்கள்.

இன்னொன்று: மேலே இருப்பது வழவழப்பான சுவர் இல்லை. பெரும்பாலான அரங்குகளில் அது ஊசித்துளைகள் நிறைந்த அலுமினியத் தகடு. ஒலிபெருக்கிகள் அதற்குப் பின்னால் இருக்கும். சத்தமும் காற்றும் துளைகள் வழியாக வரும். பார்க்க வெள்ளை போலத் தோன்றினாலும் சாம்பல் பூசியிருப்பார்கள். பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால், ஒரு பக்கம் விழும் ஒளி எதிர்ப்பக்கம் பட்டுத் தெறித்து, இருட்டு இருட்டாகவே இராது.

நடுவில் நிற்கும் அந்தப் பூச்சி

பழைய அரங்குகளில் நடுவே ஒரு விசித்திரமான இயந்திரம் இருக்கும்: இரண்டு பெரிய உருண்டை, நடுவில் கூண்டு, உடம்பெல்லாம் கண். ராட்சத எறும்பு என்று ஒரு சிறுவன் சொன்னான், அதைவிடச் சரியான வர்ணனையை நான் கேட்டதில்லை. ஒரு உருண்டை வட வானத்துக்கு, மற்றது தென் வானத்துக்கு. ஒவ்வொரு கண்ணும் ஒரு லென்ஸ். வானத்தின் ஒரு துண்டை அது கூரையில் வீசும். கூண்டுப் பகுதியில் சூரியன், சந்திரன், கோள்களுக்கான தனித்தனி விளக்குகளும் பல்சக்கரங்களும்.

இந்த வகைக் கருவியை ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் வடிவமைத்தார். மியூனிக் நகரின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்துக்காகச் செய்தது. 1923இல் முதலில் காட்டப்பட்டு, 1925இல் அங்கே நிரந்தரமாக அமைந்தது. முதல் கருவி சுமார் 4,500 நட்சத்திரங்களைக் காட்டியது. மியூனிக்கின் அட்சரேகையில் தெரியும் வானத்தை மட்டுமே காட்டும் என்பது அதன் குறை. அடுத்த மாதிரியில் அதைத் தீர்த்து இரண்டு உருண்டை வைத்தார்கள். இதற்கெல்லாம் மிக முன்பே, நெதர்லாந்தின் ஃப்ரானெகெர் ஊரில் ஐஸ ஐஸிங்கா என்ற கம்பளித் தொழில் செய்தவர், தன் வீட்டு வரவேற்பறைக் கூரையிலேயே ஓடும் சூரியக் குடும்பத்தை மரச்சக்கரங்களால் செய்தார். 1781இல் முடித்த அது இன்றும் ஓடுகிறது.

இப்போது பல இடங்களில் எறும்பு இல்லை. சுற்றிலும் சில டிஜிட்டல் புரொஜெக்டர்கள் சேர்ந்து ஒரே படமாக ஒட்டிக் காட்டும். அமெரிக்காவின் ரிச்மண்டில் 1983இல் முதல் டிஜிட்டல் கருவி வந்தது. எது சிறந்தது என்று கேட்டால் என் மனம் எறும்புப் பக்கம்தான். அதில் நட்சத்திரம் ஊசிமுனையாக நிற்கும், சுற்றிலும் வானம் நல்ல கறுப்பாக இருக்கும். டிஜிட்டலில் கறுப்பு கொஞ்சம் சாம்பலடித்துப் போகும். ஆனால் பூமியை விட்டுக் கிளம்பிச் சனியின் வளையத்துக்குள் புகுந்து வரும் வேலையை எறும்பால் செய்ய முடியாது. இரண்டும் வைத்திருக்கும் அரங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இருட்டுக்குத் தயாராவது

வெயிலிலிருந்து நேராக உள்ளே வந்தால் முதல் சில நிமிடம் ஒன்றுமே தெரியாது. கண்ணின் கூம்பு அணுக்கள் சுமார் 10 நிமிடத்தில் பழகிவிடும். மங்கலான ஒளியைப் பிடிக்கும் கோல் அணுக்களுக்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும். அதனால்தான் காட்சி எப்போதும் மெல்லச் சாயும் சூரிய அஸ்தமனத்தோடு ஆரம்பிக்கிறது. ஒரு போன் திரை போதும், இத்தனை நேரப் பழக்கம் வீண். சத்தத்தை மட்டும் குறைத்தால் போதாது, போனை அணைத்துப் பைக்குள் போடுங்கள். போட்டோ எடுத்தாலும் கறுப்புக் கட்டம்தான் விழும். ஃப்ளாஷ் போட்டால் சுற்றியிருப்பவர்களின் சாபமும் சேரும்.

மங்கலான ஒன்றை நேராகப் பார்த்தால் மறையும், கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். கோல் அணுக்கள் விழித்திரையின் ஓரங்களில்தான் நிறைய. இந்தப் பழக்கத்தை அரங்கிலேயே செய்து பாருங்கள், வெளி வானத்திலும் உதவும்.

சின்னக் குழந்தைகள் விளக்கு அணைந்த முதல் நிமிடத்தில்தான் அழுவார்கள். 'இப்போது சூரியன் மறையும், அப்புறம் ராத்திரி வரும், நான் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்' என்று வாசலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு ஓரத்து இருக்கை.

தலைசுற்றலுக்கும் ஒரு வார்த்தை. முழுக்கூரைப் படத்தில் காட்சி சட்டென்று திரும்பும்போது உடம்பு அசையாமலே கண் மட்டும் பறக்கிறது. வயிறு அதை ஒப்புக்கொள்ளாது. அந்த நேரம் கண்ணை மூடி, கைப்பிடியைப் பிடித்து, பத்து எண்ணுங்கள். வெளியே ஓட வேண்டாம், இருட்டில் படிக்கட்டு தடுக்கும்.

காட்சி ஓடும்போது எதைக் கவனிப்பது

நல்ல விளக்குபவர் செய்யும் ஒரு வித்தை உண்டு. முதலில் நகரத்து வானத்தைக் காட்டுவார். விளிம்பில் ஆரஞ்சு மங்கல், மேலே இருபது முப்பது புள்ளி. 'உங்களுக்குத் தெரிந்த வானம் இதுதானே? சரி, இப்போது ஊர் விளக்கையெல்லாம் அணைக்கிறேன்' என்பார். அணைப்பார். அரங்கமே ஒரே குரலில் மூச்சை இழுக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தைத்தான் பார்க்க ஆசை, ஆனால் அதுதான் தெரியாது.

நல்ல இருட்டில், வெறுங்கண்ணால் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் நட்சத்திரங்கள் தெரியும். கோடிக்கணக்கில் தெரிகிறது என்று நாம் சொல்வது பிரமை. அத்தனையையும் கற்றுக்கொள்ள முயல வேண்டாம். ஆறே ஆறைப் பிடியுங்கள். பெயர்கள் நமக்கு ஏற்கெனவே தெரியும், முகம்தான் தெரியாது: கார்த்திகை என்பது கைப்பிடி அளவு மின்மினிக் கூட்டம், 440 ஒளியாண்டு தூரம். ரோகிணி அதன் பக்கத்தில் இருக்கும் செம்மஞ்சள் விண்மீன், 65 ஒளியாண்டு. திருவாதிரை, வேடன் கூட்டத்தின் தோளில் இருக்கும் செம்பூதம். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். சப்தரிஷி மண்டலத்தின் வாலிலிருந்து வளைவாகக் கோடு இழுத்தால் சுவாதி, அதே வளைவில் இன்னும் போனால் சித்திரை. விருச்சிகத்தின் நெஞ்சில் கேட்டை. எந்த மாதத்தில் போனாலும் இவற்றில் சில அன்றைய மாலை வானத்தில் இருக்கும்.

அடுத்தது, துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அதன் உயரம் நீங்கள் இருக்கும் அட்சரேகைக்குச் சமம். 13 டிகிரி வடக்கில் அது அடிவானத்துக்கு மேல் 13 டிகிரிதான். நிலநடுக்கோட்டில் அடிவானத்தைத் தொடும். வட துருவத்தில் உச்சந்தலைக்கு மேல். நேரடி விளக்கம் என்றால் தைரியமாகக் கேளுங்கள்: 'ஐயா, எங்களை வட துருவத்துக்குக் கொண்டுபோக முடியுமா?' பெரும்பாலும் அவர்களுக்கும் அது பிடித்த வேலை. கூரை மெல்லச் சாயும், துருவ நட்சத்திரம் உச்சிக்கு ஏறும், பிறகு வானத்தை ஓட விட்டால் ஒரு நட்சத்திரமும் உதிக்காது, மறையாது; எல்லாம் கிடைவட்டமாகச் சுற்றும். பாடப்புத்தகத்தில் பத்து வருடம் படித்தும் புரியாதது நாற்பது வினாடியில் புரியும்.

நேரம் இருந்தால் இன்னொரு வேண்டுகோள்: வானத்தை எதிர்காலத்துக்கு 12,000 ஆண்டு தள்ளச் சொல்லுங்கள். பூமியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தள்ளாடுகிறது, ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டு. அப்போது வடக்கைக் காட்டும் பொறுப்பு, நாம் அபிஜித் என்று சொல்லும் பிரகாசமான விண்மீனுக்குப் போயிருக்கும்.

'என் ராசியைக் காட்டுங்கள்' என்று யாராவது கேட்பார்கள். காட்டுவார்கள், ஆனால் பலன் சொல்ல மாட்டார்கள். சர்வதேச வானியல் ஒன்றியம் வகுத்த எல்லைகளின்படி வானம் 88 விண்மீன் குழுக்களாகப் பிரிந்திருக்கிறது. சூரியன் ஓராண்டில் கடப்பது அவற்றில் பன்னிரண்டை அல்ல, பதின்மூன்றை. விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவே பாம்பாட்டி என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை சூரியன் அங்கேதான்.

டிஜிட்டல் அரங்கில் விண்வெளிக்குப் பறக்கும் கட்டம் வரும். அங்கே ஒன்றை மனதில் வையுங்கள். நட்சத்திரங்கள் நிற்கும் இடம் கற்பனை இல்லை. கயா விண்கலம் அளந்த தூரங்கள் போன்ற உண்மைத் தரவை வைத்துத்தான் பல அரங்குகள் காட்டுகின்றன. ஆனால் வேகம் பொய். ஒளியே 4 ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் அடுத்த நட்சத்திரத்துக்குப் பத்து வினாடியில் போகிறீர்கள். நெபுலாக்கள் என்னும் விண்வெளி மேகங்களின் வண்ணமும் நீண்ட நேரம் ஒளி சேர்த்த கேமராவின் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்திலேயே போய் நின்றாலும் நம் கண்ணுக்குச் சாம்பல் புகையாகத்தான் தெரியும்.

காட்சிக்கூடத்தில்: எதன் முன் நிற்பது, எதைக் கடந்து போவது

எல்லாப் பலகைகளையும் படிக்க முயல்பவர்கள் மூன்றாவது அறையில் களைத்துவிடுவார்கள். சுவரில் ஒட்டிய வண்ணப்படங்களை விட்டுவிடுங்கள். அவை போனிலேயே கிடைக்கும். கண்ணுக்கு நேராக, கைக்கு எட்டும் தூரத்தில் மட்டும் கிடைப்பவற்றின் முன்னால் நில்லுங்கள்.

விண்கல்லில் ஆரம்பியுங்கள். தொட அனுமதி இருந்தால் தொடுங்கள். இரும்பு விண்கல் என்றால் தூக்கிப் பார்க்க விடும் இடங்களும் உண்டு. கைமுஷ்டி அளவுக் கல் என்று அலட்சியமாகக் கையை நீட்டுவோம்; 2 கிலோவுக்கு மேல் கனத்துக் கை சட்டென்று கீழே போகும். மேல்தோல் கருகிக் கட்டைவிரல் அழுத்தியது போலக் குழிகள் இருந்தால், அது காற்றில் எரிந்து வந்த தடம். அறுத்து மெருகேற்றிய துண்டு இருந்தால் குனிந்து, விளக்கு பளபளக்கும் கோணத்தில் பாருங்கள். பாய் முடைந்தது போல ஒன்றையொன்று வெட்டும் பட்டைகள் தெரியும். உருகி இறுகிய இரும்பும் நிக்கலும், பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி, சில நூறு டிகிரி என்ற கணக்கில் ஆறியபோது வளர்ந்த படிகங்கள் அவை. எந்த உலையிலும் இப்படிச் செய்ய முடியாது, அத்தனை காலம் காத்திருக்க யாருக்கு முடியும்? வயது 450 கோடி ஆண்டுக்கு அருகே. பூமியில் நாம் தொடக்கூடியவற்றில் இவ்வளவு பழையது வேறு இல்லை என்றே சொல்லலாம்.

அடுத்து ஃபூக்கோ ஊசல், இருந்தால். நீண்ட கம்பியில் கனமான குண்டு, கீழே வட்டமாக நிறுத்திய சிறு குச்சிகள். லியோன் ஃபூக்கோ 1851இல் பாரிஸின் பாந்தியோனில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை ஊருக்கே காட்டினார். ஊசல் தன் தளத்திலேயே ஆட, கீழே தரை திரும்புகிறது. துருவத்தில் ஒரு நாளில் ஒரு முழுச் சுற்று. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க மெதுவாகும். 13 டிகிரி அட்சரேகையில் ஒரு சுற்றுக்கு நாலரை நாள் ஆகிவிடும். இதைப் பார்க்க ஒரே வழி: வந்தவுடன் குண்டு எந்தக் குச்சியை நெருங்குகிறது என்று பார்த்துவிட்டு, காட்சி முடிந்து திரும்பி வந்து பாருங்கள். அங்கேயே நின்று முறைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

கோள்களின் எடைமேடையில் பிள்ளைகளின் வரிசை நீளமாக இருக்கும். 60 கிலோ ஆள் சந்திரனில் 10, செவ்வாயில் 23 என்று காட்டும். இதைப் பார்த்துவிட்டு 'விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லை, அதனால் மிதக்கிறார்கள்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு இங்கே உள்ளதில் 90 சதவீதத்துக்கு அருகே அப்படியே இருக்கிறது. நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் மிதக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால் தரையில் விழாமல் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகிறார்கள்.

கூரையிலிருந்து தொங்கும் சூரியக் குடும்பம் எல்லாக் கூடத்திலும் உண்டு, எல்லாக் கூடத்திலும் தவறு. அளவு சரியாக இருந்தால் தூரம் தவறாக இருக்கும். வேறு வழியும் இல்லை: சூரியனை 1 மீட்டர் பந்தாக வைத்தால் பூமி 9 மில்லிமீட்டர் மணி, நிற்க வேண்டிய இடம் 107 மீட்டர் தள்ளி. நெப்டியூன் 3 கிலோமீட்டருக்கு அப்பால். அடுத்த நட்சத்திரம் 28,000 கிலோமீட்டருக்கும் மேலே. குழந்தை கையில் ஒரு பட்டாணியைக் கொடுத்து, வளாகத்துக்கு வெளியே நூறு தப்படி நடந்து திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தொங்கும் மாதிரியைவிட அது நன்றாகச் சொல்லும்.

விண்கலங்கள், ராக்கெட்டுகள், விண்ணுடைகளின் முன்னால் முதலில் பலகையில் ஒரே ஒரு வார்த்தையைத் தேடுங்கள்: இது பறந்ததா, சோதனைக்குச் செய்ததா, வெறும் மாதிரியா? மாதிரி தப்பில்லை, ஆனால் பறந்து திரும்பியது என்றால் பார்க்கும் விதமே வேறு. அடிப்பக்கக் கவசத்தில் கருகி உரிந்த தடங்களைத் தேடலாம். விண்ணுடையில் கையுறையைக் கவனியுங்கள். உள்ளே காற்றடைத்திருப்பதால் ஒவ்வொரு முறை விரலை மடக்குவதும் ஊதிய பந்தை அழுத்துவது போல. ஏழு மணி நேர வேலையில் முதலில் ஓய்ந்துபோவது கைதான். முகமூடியின் தங்கப் பூச்சு அழகுக்கு இல்லை, சூரியனின் கண்கூசும் ஒளியையும் வெப்பத்தையும் திருப்பி அனுப்ப.

1977இல் கிளம்பிய வாயேஜர் கலங்களில் வைத்த தங்க முலாம் பூசிய இசைத்தட்டின் பிரதி சில கூடங்களில் இருக்கும். மனிதர்கள் 55 மொழிகளில் வணக்கம் சொல்கிறார்கள். தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. ஒவ்வொரு முறையும் அதன் முன்னால் நின்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் நகர்வேன்.

மேகக்கூடம் என்று ஒரு சிறு பெட்டி மூலையில் இருந்தால் தவறவிடாதீர்கள். கூட்டம் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. குளிர்ந்த ஆல்கஹால் ஆவிக்குள் மெல்லிய வெள்ளைக் கீறல்கள் தோன்றி மறையும். அவற்றில் பல, விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதிப் பிறந்த துகள்களின் தடம். உள்ளங்கை அளவு இடத்தில் வினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் அவை இப்போது உங்கள் ஊடாகவும் போய்க்கொண்டிருக்கின்றன.

அன்றிரவே செய்ய வேண்டியது

கிளம்புமுன் விளக்குபவரிடம் ஒரு கேள்வி மட்டும்: 'இன்று எட்டு மணிக்கு எந்தக் கோள் எந்தத் திசையில்?' துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் சுழலும் நட்சத்திர வட்டத்தட்டு விற்றால், உங்கள் அட்சரேகைக்கு உரியதுதானா என்று பார்த்து வாங்குங்கள். ராக்கெட் பொம்மையைவிட நாலு மடங்கு நாள் உழைக்கும்.

வீட்டுக்குப் போய், மொட்டைமாடியிலோ திறந்த வெளியிலோ, தெருவிளக்குக்கு முதுகைக் காட்டி இருபது நிமிடம் நில்லுங்கள். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. விளக்குபவர் 'மேற்கே 30 டிகிரி உயரத்தில்' என்றால் அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டி. மின்னாமல் நிலையாக ஒளிர்வது கோள், சிமிட்டுவது நட்சத்திரம். அரங்கில் பிடித்த ஆறில் ஒன்று கிடைத்தாலும் போதும். அது எந்த மாடி விளிம்புக்கு, எந்த மரத்தின் உச்சிக்கு நேராக நிற்கிறது என்று மணியோடு குறித்து வையுங்கள். மறுநாள் அதே இடத்துக்கு அது 4 நிமிடம் முன்னதாக வந்துவிடும். பதினைந்து நாள் கழித்து அதே மணிக்குப் போய்ப் பாருங்கள், மரத்தை விட்டு மேற்கே நகர்ந்து போயிருக்கும்.